ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோன சீன வேர்

துறைமுகத்தில் சுங்கத்து ஆபீசர் என் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த பொட்டலத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணிற்று.

"என்னம்மா இது, மரத்துண்டு மாதிரி இருக்கு?"

"மருந்து."

"எதுக்கு?"

"பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னப்புறம், புருஷன் பக்கத்துல..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், பொட்டலம் பெட்டிக்குள் போய்விட்டது. மூடியை அவரே சாத்தி, அவரே கயிற்றையும் கட்டி, "போங்க போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அபின் கொண்டுவருகிறவர்களுக்கு இந்த யுக்தி தெரியாமல் இருப்பது சர்க்காரின் அதிர்ஷ்டம்.

எனக்கு அறுபத்திரண்டு வயசு. பினாங்கில் எங்கள் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. நான் அங்கே போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் தங்கை மரகதம் என்னைவிடப் பதினொரு வயசு சின்னவள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கிறாள். அவள் புருஷன் ரெங்கசாமிக்குப் பாலக்கரையில் சுருட்டுக் கடை. ஒரே மகன் ரயில்வே வேலையில் மதுரைப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையும் எழுதச் சொல்லாமல் தன் கையாலேயே கோணல்மாணலாக எழுதியிருந்தாள். "அக்கா, எனக்கு நின்று இரண்டு வருஷம். உடம்பு திடீர் திடீரென்று எரிகிறது. அவர் பக்கத்தில் வந்தாலே எழுந்து ஓடுகிறேன். இந்த வயசில் விலகி இருப்பதுதான் மரியாதை என்று சொல்லி, துறையூரில் இன்னொரு கடை போட்டு அங்கேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்யக்கூடாது என்பதால் கார்த்திகை கடைசி வியாழக்கிழமை கிளம்புகிறார். இங்கே எல்லாரும் சௌக்கியம்."

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் நம்பினேன்.

எங்கள் கடைக்கு அடுத்தது சீன மருந்துக் கடை. அங்கே வைத்தியம் பார்க்கிறவள் ஒரு சீனக் கிழவி. வைத்தியரை அங்கே சின்சே என்பார்கள். எனக்கு நின்ற காலத்தில் என்னைத் தேற்றிவிட்டவள் அவள்தான். கடிதத்தை மலாய் மொழியில் அவளுக்குச் சொன்னேன்.

"உன் தங்கைக்குப் புருஷன் மேல் வெறுப்பா, அல்லது வலியா?" என்று கேட்டாள்.

"வலிதான். வெறுப்பாயிருந்தால் கடிதம் இன்னும் நீளமாக இருந்திருக்கும்" என்றேன்.

கிழவி கடகடவென்று சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "பெண்ணுடம்பில் தண்ணீரும் உண்டு, நெருப்பும் உண்டு. நிற்கிற வயசில் தண்ணீர் குறைகிறது. நெருப்பு கூடவில்லை, தண்ணீர் குறைந்ததால் நெருப்பு பெரிசாகத் தெரிகிறது. அதனால்தான் முகம் எரிகிறது, தூக்கம் போகிறது, கீழே வறள்கிறது. வறண்டால் வலிக்கும். வலித்தால் ஆசை ஓடிப்போகும். செத்துவிட்டது என்று நீங்களெல்லாம் அழுகிறீர்கள். அது சாகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது."

தாங் குய் என்கிற வேரைச் சீவிய துண்டு, பிசின் மாதிரி ஒட்டும் ஒரு கறுப்புக் கிழங்கு, சிவப்பாகச் சின்னப் பழம், உலர்ந்த சீனப் பேரீச்சை எல்லாம் சேர்த்துப் பொட்டலங்கள் கட்டினாள். நாடி பார்க்காமல் முழு மருந்து தரமாட்டேன், இது பாதி மருந்து பாதி சாப்பாடு என்றாள். நாக்கு சிவந்து வெடித்திருந்தால் கொடு, வெளுத்துத் தடித்திருந்தால் கொடுக்காதே. நின்றபிறகு மறுபடி உதிரம் கண்டிருந்தால் இதைத் தொடவே விடாதே, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று மூன்று தரம் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லவைத்தாள். வெளியே தடவிக்கொள்ளச் சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும் என்றாள்.

"இது பாதி. மீதிப் பாதி என் கடையில் கிடையாது" என்று என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை மடக்கினால் உள்ளங்காலில் ஒரு குழி விழுமே, அது ஓர் இடம். கணுக்காலுக்கு உள்பக்கம், நாலு விரல் மேலே, இன்னோர் இடம். சாயங்காலம் நூறு எண்ணுகிறவரை அங்கே அழுத்த வேண்டும். புருஷன் கையால் அழுத்த வேண்டும்.

இது எனக்குப் புதிசில்லை. எங்கள் வீட்டுக்காரர் பத்து வருஷமாக எனக்குச் செய்கிறார். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் "காலை நீட்டு" என்பார். பினாங்கில் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஆனால் ஸ்ரீரங்கத்தில் புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதாவது!

திருச்சி ஸ்டேஷனில் நான் இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. ரெங்கசாமி கிளம்ப ஆறு நாள் இருந்தது. வெளியே ஜட்கா வண்டிக்காரர் காதர் பாய் என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி ஏற்றினார். பினாங்கில் ரிக்ஷாவை மனிதன் இழுப்பான். அவனுக்கு மூச்சு வாங்கினால் நமக்குப் பாவமாக இருக்கும். இங்கே இழுப்பது குதிரை, பாவம் நாம்தான். நான் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். வண்டியின் முன்பக்கம் அப்படியே மேலே போயிற்று. குதிரையின் முன்னங்கால் இரண்டும் தரையில் இல்லை.

"அம்மா! முன்னுக்கு வாங்க! பின்பாரம், பின்பாரம்!"

"நான் ஒருத்திதானே ஐயா இருக்கேன்!"

"அதாம்மா சொல்றேன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் குதிரையும் கனைத்தது. முன்னுக்கு நகர்ந்து காதர் பாயின் முதுகோடு முதுகாக உட்கார்ந்தபிறகுதான் குதிரை பூமிக்கு வந்தது. அவமானம்தான். ஆனால் காவேரிப் பாலத்தில் ஏறியதும் எல்லாம் மறந்துவிட்டது. இரு கரையும் தொட்டு ஆறு போகிறது, எதிரே கோபுரம். குதிரை பாலத்தின் நடுவில் நின்று சாவகாசமாக வேடிக்கை பார்த்தது. "தினமும் இங்க நிக்கும்மா. சொன்னா கேக்காது" என்றார் காதர் பாய். நானும் அவசரப்படுத்தவில்லை.

மரகதம் வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். கார்த்திகைத் தூறல் விழுகிறது. தெருவில் போகிறவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறார்கள். இவள் விசிறியால் விசிறிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போனால் கூடத்து மூலையில் ஒரு படுக்கை சுருட்டிக் கட்டித் தயாராக இருந்தது.

"யாருது?"

"அவரோடது. மறந்துடக் கூடாதுன்னு நான்தான் கட்டி வச்சேன்" என்றாள், பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரி.

அன்றைக்கு நான் மருந்துப் பேச்சை எடுக்கவில்லை. வாழையிலையில் புளியோதரையும் பூவன்பழமும் சாப்பிட்டேன். பினாங்கில் எங்களுக்குக் கிடைக்கிற காப்பி கரிக்கட்டை கரைத்த மாதிரி இருக்கும். இங்கே நுரை பொங்க வெண்கல டம்ளரில் வந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். ரெங்கசாமி கடையிலிருந்து வந்தார். "வாங்க அண்ணி, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்டுவிட்டு, மரகதம் தட்டு வைத்த இடத்தில் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, முன்னறைக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சண்டை போட்டுக்கொள்கிற வீடாயிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் அவர் கடைக்குப் போனதும், "நாக்கை நீட்டு" என்றேன்.

"என்னக்கா?"

"நீட்டுடி."

சிவந்து, நடுவில் கோடுகோடாக வெடித்திருந்தது. நின்றபிறகு உதிரம் கண்டதா என்று கேட்டேன், இல்லை என்றாள். சின்சே வாழ்க என்று அடுப்பை மூட்டினேன். மூன்று டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்ட வேண்டும். சுண்டச் சுண்ட வாசனை கிளம்பியது. அந்த வேரின் வாசனை ஓமமும் சதகுப்பையும் சுக்கும் சேர்ந்தாற்போல இருக்கும். பினாங்கில் எல்லா வீட்டிலும் அடிக்கும் வாசனை, நான் அதை யோசிக்கவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் அந்த வாசனைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்பது கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தபிறகுதான் தெரிந்தது.

பின்வீட்டு கோமளம் மாமி. ஐயங்கார் வீட்டு அம்மாள், ஐம்பது வயசிருக்கும். "மரகதம்! உங்காத்துல யாருக்குப் பிரசவம்? லேகியம் கிளறற வாசனை மூக்கைத் துளைக்கறதே! ஒரு வார்த்தை சொல்லலையே!"

மரகதம் கையிலிருந்த டம்ளரைப் பின்னால் மறைத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. மாமியின் கண் டம்ளரைப் பார்த்தது, மரகதத்தின் வயிற்றைப் பார்த்தது, என் நரைத்த தலையைப் பார்த்து அங்கே வேலையில்லை என்று திரும்பவும் மரகதத்தின் வயிற்றுக்கே போயிற்று. "பெருமாளே!" என்று ஒரு குரல். தலை மறைந்துவிட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் பூண்டும் கருப்பட்டியும். இன்னொருத்தி பழைய மல்துணியைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்தாள், குழந்தைக்கு இதுதான் மெத்தென்று இருக்குமாம். "ஐம்பத்தோரு வயசுல அந்த ரெங்கநாதர் கண்ணைத் தொறந்திருக்காரு" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மரகதம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வாசலில் நின்று, இது பிள்ளை பெற்றவளுக்கான மருந்து இல்லை, இனிமேல் பிள்ளையே பெறாதவளுக்கான மருந்து என்று ஒவ்வொருத்திக்கும் விளக்கினேன். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. கருப்பட்டியையும் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் காதர் பாயின் ஜட்கா தெருவில் பறந்து வந்து நின்றது. ரெங்கசாமி குதித்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, பாலக்கரையில கடைக்கே வந்து ஒருத்தன் கையைப் பிடிச்சுக் குலுக்குறான். மறுபடி அப்பா ஆகப்போறியாமேங்கிறான். ஆனா அண்ணி..." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருஷமா நான்..."

"தெரியும் தம்பி. அது வேர் வாசனை. வாங்க, காவேரிக்குப் போவோம்" என்று அதே வண்டியில் ஏறிக்கொண்டேன், இந்தத் தடவை முன்பக்கமாக.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒதுக்கமாக உட்கார்ந்தோம். தண்ணீர் மூன்று படிகளை முழுங்கிவிட்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை அவரிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று நான் யோசிக்கவில்லை; இந்த வயசிலும் சொல்லாவிட்டால் பின்னே எப்போது சொல்வது? மரகதத்துக்கு உடம்பு வறண்டுபோயிருக்கிறது, கிட்டே வந்தால் வலிக்கிறது, அதனால்தான் ஓடுகிறாள் என்று நேராகச் சொன்னேன்.

அவர் படியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலியா? ஒரு நாள்கூடச் சொல்லலையே அண்ணி. சுருட்டு நாத்தம் பிடிக்கலை போலன்னு நெனச்சு, நான் பத்து மாசமா சுருட்டைத் தொடறதில்லை. கடையில உக்காந்து விக்கிறதோட சரி. அப்பவும் ஓடினா. சரி, என் மூஞ்சியே பிடிக்கலைன்னு விட்டுட்டேன். துறையூருக்குப் போறேன்னு நானா சொன்னேன்? அவ படுக்கையைக் கட்டி வச்சுட்டா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுருட்டுக் கடைக்காரர் பத்து மாசமாகச் சுருட்டைத் தொடாமல் இருந்திருக்கிறார், அது வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாது!

அவருக்குக் காலின் இடங்களைச் சொல்லிக்கொடுத்தேன். அவசரம் கூடாது, எண்ணெய் வேண்டும், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதையும் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். காலைத் தொட வேண்டும் என்றபோது மட்டும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லை. அவ விடுவாளா?" என்றார்.

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரகதத்தை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். எரிகிற கொள்ளியை மிதித்தவள் போலக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "புருஷன் பொண்டாட்டி காலைப் பிடிக்கிறதா? எனக்கு எந்த நரகம்னு கணக்கில்லை! அக்கா, உனக்குப் பினாங்குல புத்தி பேதலிச்சுப் போச்சு."

"எங்க வீட்டுக்காரரு எனக்குப் பிடிக்கிறாரு."

"நீ நரகத்துக்குப் போ. நான் கூட வரலை."

ரெங்கசாமி கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரடி முன்னால் வந்து, "மரகதம், மருந்துதானே..." என்றார். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "சரி அண்ணி. வியாழக்கிழமை கிளம்பறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பேன்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய கோவிலுக்குப் போனேன். ஒரு பிரகாரம் தாண்டினால் இன்னொரு பிரகாரம். என் முழங்கால் ஒவ்வொன்றிலும் ஒரு புகார் சொல்லிற்று. ஆயிரங்கால் மண்டபத்தருகே மரகதத்துக்கு உடம்பு எரிச்சல் வந்துவிட்டது. முகம் செக்கச்செவேலென்று ஆகி, நெற்றியில் வியர்வை கொட்டியது. ஒரு தூணைக் கட்டிக்கொண்டு கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டாள். "குளுகுளுன்னு இருக்கு அக்கா" என்று கண்ணை மூடினாள். பக்கத்தில் போன ஒரு வைஷ்ணவர் தன் கூட வந்தவரிடம், "பார்த்தேளா, என்ன பக்தி!" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் வந்தபிறகு அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. தூணை விடாமலே, "அவர் சுருட்டு பிடிக்கிறதை விட்டுட்டாராமே, நீங்க ரெண்டு பேரும் காவேரியில பேசினதைக் காதர் பாய் கேட்டிருக்காரு" என்றாள். தெருவில் எதுவும் ரகசியமாக இல்லை. "எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா" என்றாள் மறுபடியும்.

திரும்பி வந்தால் கொல்லைச் சுவரில் கோமளம் மாமி காத்திருந்தாள். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. "நீங்க சொன்னது நெஜமா? நின்னப்புறம் சாப்பிடற மருந்தா?"

"ஆமா."

"எனக்கு மூணு வருஷமாறது." இரு பக்கமும் பார்த்தாள். "ஆத்துக்காரர் பாவம், பகவத் விஷயத்துலயே காலம் தள்றார்."

"நாக்கை நீட்டுங்க மாமி."

சுவருக்கு மேலே மாமி நாக்கை நீட்டினாள். சிவப்பு, வெடிப்பு. உதிரம் காணவில்லை என்பதையும் கேட்டுக்கொண்டேன். நாலு பொட்டலம் கைமாறியது. மறுநாள் கருப்பட்டி கொண்டுவந்தவள் வந்தாள், மல்துணிக்காரி வந்தாள். முன்வாசலில் "கலிகாலம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் சுற்றி வந்து நாக்கை நீட்டினார்கள். மல்துணிக்காரிக்கு வெளுத்த நாக்கு. இல்லை என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை துறையூர்க் கடைக்கு ஏதோ தட்டுமுட்டு வாங்க வேண்டும் என்று ரெங்கசாமி பெரிய கடைவீதிக்குப் புறப்பட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் கூட்டமென்றால் கூட்டம், பினாங்குச் சந்தையும் தோற்றது. அங்கே மீன் நாற்றம், இங்கே மல்லிகை. ஒரு வெள்ளிக்கடையைத் தாண்டும்போது என் வாய் சும்மா இருக்காமல், "வீட்டை விட்டுப் போறீங்க. அவ கால் மெட்டி தேஞ்சு நூலாட்டம் இருக்கு. ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்றது. மனசில் சத்தியமாக வேறு யோசனை இல்லை. அவர் போகிறாரே என்ற ஆத்திரம்தான்.

தட்டார் ஒரு கொத்து மெட்டியை எடுத்துப் போட்டார். "விரல் அளவு?"

ரெங்கசாமி விழித்தார்.

"எத்தனை வருஷம் ஆச்சுங்க கல்யாணமாகி?"

"முப்பத்தி நாலு."

"முப்பத்தி நாலு வருஷமா வீட்டம்மா கால் விரல் எவ்வளவு பெரிசுன்னு தெரியாதா? நல்லா இருக்குங்க." தட்டார் ஒரு நூலை வெட்டி அவர் கையில் வைத்தார். "கல்யாணத்தன்னைக்கு நீங்கதானே காலைப் பிடிச்சு அம்மி மேல வச்சு மெட்டி போட்டீங்க? அதே மாதிரி பிடிச்சு அளந்துட்டு வாங்க. வேற யாரும் அளக்கக் கூடாது, மெட்டி புருஷன் கையாலதான்."

நான் ரெங்கசாமியைப் பார்த்தேன். ரெங்கசாமி நூலைப் பார்த்தார்.  திரும்பி வருகிற வழியெல்லாம் ஜட்காவில் எனக்குக் குதிரையை நானே ஓட்ட வேண்டும் போல இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், அவர் நூலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "தட்டார் அளவு கேட்டான்" என்றார். மெட்டிக்கு அளவு என்றால் மரகதம் என்ன சொல்ல முடியும்? ஊரே பார்க்க அக்கினி சாட்சியாக நடந்த காரியம். சுவரைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டினாள். நான் அடுக்களையில் அரிசி களைகிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். ஒரே அரிசியை ஆறு தரம் களைந்தேன்.

"ஆச்சா?" இது மரகதம்.

"இரு. நூல் நழுவுது."

"ஆச்சா?"

"இது இடது கால். வலது கால் வேற அளவா இருக்கும்."

"மெட்டி விரல்லதானே? கணுக்காலுக்கு மேல ஏன் கை போகுது?"

"சின்சே சொன்ன இடம்" என்றார் ரெங்கசாமி, பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் களைவதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டேன். காலை இழுத்துக்கொள்ளும் சத்தம் வரவில்லை.  அப்புறம் அவர் மெதுவாக, "வலிக்குதுன்னு ஏன் சொல்லலை மரகதம்?" என்றார்.

"எப்படிச் சொல்றது?"

"இப்படித்தான். வாயைத் திறந்து."

"நீங்க சுருட்டை விட்டதைச் சொன்னீங்களா?" என்றாள் அவள். அவர் உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்திருப்பார் போலிருக்கிறது. ஒரு கிறீச்சிடல், அப்புறம் சிரிப்பு. "ஐயோ கூசுது! விடுங்க! அக்கா இருக்கா!" நான் இல்லாத மாதிரி இருந்தேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நூறு தாண்டி நாற்பது போயிற்று.

ஆனாலும் மறுநாள் வியாழக்கிழமை. துறையூர்க் கடையை வாடகைக்கு விடுகிறவனுக்கு வார்த்தை கொடுத்தாகிவிட்டது, பஸ்ஸில் இடம் சொல்லியாகிவிட்டது. மரகதம் அவரைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டி வைத்த படுக்கையைப் பிரிக்கவும் இல்லை. ஐந்து நாள் கஷாயத்தில் இரண்டு நாள்தான் விடியும்வரை தூங்கினாள். எரிச்சல் கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னாள். வேர் தன் வேலையைக் காட்ட இரண்டு மாசமாவது ஆகும் என்று சின்சே சொல்லியிருந்தாள். மனிதர் அதற்குள் துறையூரில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே.

ரெங்கசாமி விடிந்ததும் கடைவீதிக்குப் போய் மெட்டியை வாங்கி வந்தார். "அண்ணி, நீங்க படுக்கையை எடுத்துக்கிட்டுத் திருவானைக்கோவில் முக்குல பஸ்ஸுல இடம் பிடிச்சு உக்காருங்க. நான் இதைப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

காதர் பாயின் ஜட்காவில் படுக்கையோடு போனேன். டவுனிலிருந்து வந்த பஸ் முக்கில் ஒரு புளிய மரத்தடியில் நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எவ்வளவு குடித்தாலும் அதற்குப் போதவில்லை. எனக்குச் சின்சே சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஒருவர் மடியில் இரண்டு கோழி, ஓர் அம்மாள் மடியில் பலாப்பழம். ஜன்னலோரம் இடம் பிடித்துப் பக்கத்தில் படுக்கையை வைத்தேன்.

ஹாரன் அடித்தது. ரெங்கசாமி வரவில்லை. இரண்டாம் தரம் அடித்தது.

"ஆள் வருவாங்களாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இருங்க, இருங்க" என்று காதர் பாயைத் திரும்ப அனுப்பினேன். அந்தக் குதிரை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. கோழிக்காரர் முணுமுணுத்தார். பலாப்பழத்து அம்மாள், "பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வரதுக்கு இவ்வளவு நேரமா?" என்றாள். மூன்றாம் தரம் ஹாரன் அடிக்கும்போது ஜட்கா வந்துவிட்டது. காதர் பாய் இறங்காமலே ஜன்னலருகே வந்தார். தாடிக்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும்மா. கூப்பிடலாம்னு கிட்டப் போனேன். அம்மா சிரிக்கிறது தெருவரைக்கும் கேக்குது."

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நான் எழுந்து படுக்கையைத் தூக்கி ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தேன்.

"இதைக் கொண்டுபோய் வாசல்ல வச்சுட்டுப் போயிடுங்க பாய். கதவைத் தட்டிடாதீங்க."

அப்புறம் கண்டக்டரைப் பார்த்து, "அவர் வர்றதா இல்லை, வண்டியை எடுக்கச் சொல்லுங்க. துறையூர் நான் பார்த்ததே இல்லை" என்று காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.